கயிறு மாறிய பின்

நுழையும்முன்

வீடும் நிலமும் வாங்குவோர் அவற்றின் பழைய ஆவணங்களைத் தேடிப் படிக்கின்றனர். உயிருள்ள குதிரையொன்று கைம்மாறும்போது அதன் கடந்த காலத்தைத் தேடுவோர் சிலரே. முன்பு அதனை வளர்த்தவரைக் கண்டறிந்து, நான்கு கேள்விகள் கேட்பதால் விளையும் நன்மை என்ன? சென்னைக் கடற்கரையில் தொடங்கிப் பாண்டியர் காலத் துறைமுகம் வரை சென்று திரும்பும் இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

கடற்கரையில் ஒரு குதிரை

வெயில் தணிந்த மாலை வேளையில் மெரினாவுக்கோ பெசன்ட் நகர்க் கடற்கரைக்கோ செல்வோர் அங்குக் குதிரைகள் நிற்பதைக் காணலாம். சேணத்தின்மேல் வண்ணத் துணி விரித்து, நெற்றியில் குஞ்சம் கட்டி, அவற்றை அணிசெய்திருப்பர். குழந்தைகள் அச்சமும் ஆவலுமாக ஏறி அமர்வர். பெற்றோர் படம் எடுப்பர். குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு சிறிது தொலைவு நடத்திச் சென்று திரும்புவார். பத்து நிமிடத்திற்குள் எல்லாம் முடிந்துவிடும். அக்குதிரை எங்கே பிறந்தது, யார் வளர்த்தார், இதற்குமுன் என்ன வேலை செய்தது என்று கேட்பவர் அரிது.

அத்தகைய குதிரை ஒன்றைப் புதிதாக வாங்கிய பட்டினப்பாக்கத்து இளைஞர் ஒருவரை மனத்தில் எண்ணிப் பார்க்கலாம். தந்தை செய்துவந்த தொழிலை அவர் ஏற்றிருக்கிறார். தரகர் ஒருவர் வழியாகச் செந்நிறப் பெண்குதிரை ஒன்று வந்துசேர்கிறது. உயர்ந்த கால்கள், ஒடுங்கிய வயிறு, மெல்லிய தோல் ஆகியவற்றைப் பார்த்தால் அது பந்தயத்துக்கென வளர்க்கப்பட்ட இனம் என்பது தெரிகிறது. “வயசு ஏழுதான் தம்பி, பயப்படாம சின்னப் பிள்ளைங்களை ஏத்தலாம்” என்கிறார் தரகர்.

“இதுக்குப் பழைய பேரு என்னண்ணே?” என்று இளைஞர் கேட்கிறார்.

“பேரா? வாங்கினவங்க வைக்கிறதுதான் தம்பி பேரு.”

முதல் வாரத்திலேயே இளைஞர் மூன்று செய்திகளைக் கவனிக்கிறார். வல முன்காலைத் தூக்கிக் குளம்பைத் துடைக்க முயன்றால் குதிரை காலை இழுத்துக்கொள்கிறது. பின்புறத்திலிருந்து யாரேனும் ஓடி வந்தால் அதன் உடல் முழுவதும் நடுங்குகிறது. கொள்ளு வைத்தால் முகர்ந்துவிட்டு ஒதுங்குகிறது. இம்மூன்றுக்கும் காரணம் உண்டு. அக்காரணத்தை அறிந்தவர் எங்கோ இருக்கிறார். அவர் யார் என்பது இளைஞருக்குத் தெரியாது. நாளைக்கு அதன் முதுகில் ஒரு குழந்தை ஏறப்போகிறது என்பது மட்டும் தெரியும்.

அறியாமையின் விலை

குதிரையை வாங்கி, அதன் வரலாற்றை வாங்காமல் விட்டதால் விளைந்த இழப்பு தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. கடல்வழியே குதிரைகள் வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் குதிரை வணிகம் செய்தோரைக் ‘குதிரைச் செட்டி’ என்று குறிக்கின்றன. பாண்டியர் காலத்தில் அரேபிய, பாரசீகக் கரைகளிலிருந்து காயல் துறைமுகத்திற்குக் குதிரைகள் மிகுதியாக வந்தன.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிசு நகரப் பயணி மார்க்கோபோலோ அவ்வணிகத்தைப் பற்றி வியப்பான செய்தியொன்றைப் பதிவு செய்துள்ளார். அரசர் ஆண்டுதோறும் 2000 குதிரைகளுக்குமேல் வாங்குவார். ஆண்டு முடிவில் அவற்றுள் 100கூட எஞ்சுவதில்லை என்கிறார் அவர். குதிரைக்கு ஒவ்வாத சோறும் இறைச்சியும் தீனியாகத் தரப்பட்டதையும், லாடம் அடித்துக் குளம்பைப் பேணத் தெரிந்தோர் இங்கு இல்லாததையும் அவர் காரணங்களாகக் காட்டுகிறார். குதிரைகளைக் கொண்டுவந்த வணிகர்கள் அக்கலை தெரிந்தவர்களை உடன் அழைத்து வருவதில்லை. பிறர் வருவதையும் விரும்புவதில்லை. குதிரைகள் மடிந்தால்தான் அடுத்த ஆண்டும் விற்பனை நடக்கும் என்பது அவர்கள் கணக்கு.

பயணியின் எண்களில் மிகை இருக்கலாம். எனினும் அவர் சுட்டும் நிலை சிந்திக்கத்தக்கது. பொன் கொடுத்து வாங்கிய குதிரையோடு, அதனைப் பேணும் அறிவு கப்பலிலிருந்து இறங்கவில்லை. அது பாலைநிலத்துக் கொட்டில்களில், குதிரையைக் குட்டியிலிருந்து வளர்த்தவரின் கையிலேயே தங்கிவிட்டது.

உடலே ஏடு

இன்று அவ்வாறு தங்கிவிட வேண்டியதில்லை. குதிரை தன் வரலாற்றைத் தன் உடலிலேயே ஓரளவு சுமந்து திரிகிறது. அதனைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதல் ஏடு பற்கள். தானமாக வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. விலை கொடுத்து வாங்கியதைப் பார்க்கத் தடையில்லை. முன்பற்களின் தேய்மானம், அவற்றின் மேற்பரப்பிலுள்ள குழிகள், பற்கள் சாய்ந்திருக்கும் கோணம் ஆகியவற்றைக் கொண்டு கால்நடை மருத்துவர் வயதைக் கணிக்கிறார். வயது ஏற ஏற அக்கணிப்பின் துல்லியம் குறையும். ஆனாலும், தரகர் சொன்ன ஏழு வயதுக்கும் பற்கள் சொல்லும் வயதுக்கும் இடைவெளி இருந்தால் அது வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது ஏடு சுழிகள். மாட்டின் சுழி பார்க்கும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் உண்டு. குதிரைக்கும் சுழி பார்த்தனர். நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கிறது. முற்காலத்தார் சுழியில் நன்மை தீமைகளைத் தேடினர். இக்காலப் பதிவாளர்கள் அதே சுழியில் அடையாளத்தைத் தேடுகின்றனர். நெற்றியிலும் கழுத்திலும் மயிர் சுழன்றிருக்கும் இடங்கள் குதிரைக்குக் குதிரை வேறுபடும். வாழ்நாள் முழுவதும் மாறா. ஆகவே குதிரையின் அடையாள ஆவணத்தில் நெற்றிவெள்ளை, கால்வெள்ளை ஆகியவற்றோடு சுழிகளையும் வரைந்து குறிக்கின்றனர்.

மூன்றாவது ஏடு கண்ணுக்குப் புலப்படாதது. அரிசிமணி அளவிலான நுண்சில்லு ஒன்றைக் கழுத்தின் இடப்பக்கத்தில், பிடரிமயிருக்குச் சற்றுக் கீழே ஊசிவழியாகச் செலுத்துகின்றனர். அதில் மின்கலம் இல்லை. படிப்பானை அருகில் கொண்டுசென்றால் 15 இலக்க எண் ஒன்று திரையில் தோன்றும். அந்த எண்ணில் ஊரோ பெயரோ இராது. அது ஒரு பூட்டின் சாவி போன்றது. பூட்டு வேறிடத்தில் இருக்கிறது.

அப்பூட்டுக்கு ‘ஸ்டட் புக்’ எனப்படும் இனவழிப் பதிவேடு என்று பெயர். பந்தயக் குதிரைகளுக்கான இத்தகைய பதிவேடு இங்கிலாந்தில் 1791ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கியது. உலகிலுள்ள ‘தரோபிரெட்’ இனக் குதிரைகள் அனைத்தும் ஆண்வழியில் மூன்றே மூன்று குதிரைகளின் வழித்தோன்றல்கள் என்பதை இப்பதிவேடுகளே காட்டின. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கீழைநாடுகளிலிருந்து இங்கிலாந்து சென்ற குதிரைகள் அவை. இந்தியாவில் பிறக்கும் இவ்வினக் குதிரைகளுக்கான பதிவேடு புணே நகரில் பேணப்படுகிறது. தாய், தந்தை, பிறந்த நாள், பிறந்த பண்ணை ஆகியவை அதில் இடம்பெறும். தாய் தந்தையரை உறுதிசெய்ய மரபணுச் சோதனையும் நடத்தப்படுகிறது. முன்னோர் பெயரை இத்தனை தலைமுறைக்கு எழுதிவைத்திருக்கும் மனிதக் குடும்பங்கள்கூட மிகுதியாக இல்லை.

இளைஞர் தம் குதிரையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுகிறார். வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கும் நகரம் இது. காட்டுவதற்கு இடமில்லை என்ற குறை இல்லை. படிப்பான் ஒலியெழுப்புகிறது, எண் கிடைக்கிறது. பற்களோ வயது பத்தைத் தாண்டிவிட்டது என்கின்றன.

கடிதம்

எல்லாக் குதிரைக்கும் இந்த வாய்ப்பு அமைவதில்லை. நுண்சில்லு இல்லாத குதிரைகளும் பதிவேட்டில் ஏறாத நாட்டுக் குதிரைகளும் பல. அவற்றுக்குச் சங்கிலியின் கடைசிக் கண்ணியிலிருந்து பின்னோக்கிச் செல்வதே வழி. தரகர் யாரிடம் வாங்கினார், அவர் எந்தச் சந்தையில் பிடித்தார், லாடம் அடித்தவர் யார், மருத்துவம் பார்த்தவர் யார் என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். குதிரையைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரைப் பந்தய வட்டாரத்தில் ‘சைஸ்’ என்பர். உரிமையாளர் மறந்துவிட்ட குதிரையைக்கூட அவர் நடையைக்கொண்டே அடையாளம் காண்பதுண்டு. நெடுங்காலம் குதிரைப் பந்தயம் நடந்துவந்த கிண்டியின் சுற்றுப்புறத்தில் அத்தகைய பட்டறிவு உடையோர் இருக்கின்றனர்.

எண் கிடைத்தவருக்கு வேலை எளிது. அவர் பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுதலாம். பண்ணையின் பெயர் தெரிந்தால் பண்ணைக்கே எழுதலாம். முந்தைய உரிமையாளரின் முகவரி தனிமனிதர் ஒருவருக்கு உரியது. அதனைக் கேட்டு வாங்க முயல்வதைவிட, தம் கடிதத்தை அவரிடம் சேர்ப்பிக்குமாறு வேண்டுவதே முறை. விடை எழுதுவதா வேண்டாவா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

இளைஞருக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்பு படிக்கும் அவருடைய தங்கை எழுத முன்வருகிறாள். அவள் எழுதிய முதல் வரி, “இப்படி ஒரு குதிரையை விற்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?” என்பது.

“அதை அடிச்சிடும்மா” என்கிறார் அண்ணன். “அவங்க கோபப்பட்டா நமக்குப் பதில் வராது. நமக்குக் கால் பத்தித் தெரியணும்.”

தங்கை தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறாள்.

“வணக்கம். தங்கள் பண்ணையில் பிறந்த குதிரை இப்போது சென்னையில் எங்களிடம் உள்ளது. நலமாக இருக்கிறது. வல முன்காலைத் தொடவிடுவதில்லை. அதில் முன்பு காயம் பட்டதுண்டா? பின்னால் யாரேனும் ஓடி வந்தால் அஞ்சுகிறது. அதற்குக் காரணம் ஏதேனும் தெரியுமா? என்ன தீனி உண்டு பழகியது? இறுதியாக எப்போது தடுப்பூசி போடப்பட்டது? கொட்டிலில் அதனை என்ன பெயர் சொல்லி அழைத்தீர்கள்? பணமோ பொருளோ வேண்டி இதனை எழுதவில்லை. குதிரையைத் திருப்பித் தரும் எண்ணமும் இல்லை. அதனை நன்றாக வைத்துக்கொள்ள விரும்புகிறோம். நெற்றிச் சுழியும் கால்வெள்ளையும் தெரியும்படி எடுத்த படங்களை இணைத்துள்ளோம்.”

இக்கடிதத்தின் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. திடீரெனத் தீனியை மாற்றினால் வரும் கடும் வயிற்றுவலி உயிரையே வாங்கிவிடும். இரண ஜன்னி குதிரையை எளிதில் தாக்கும். தடுப்பூசி விவரம் தெரியாவிட்டால் ஓர் ஆணிக்காயமும் பேராபத்தாகலாம். ‘கிளாண்டர்ஸ்’ என்னும் நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் பரவக்கூடியது. அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக 2009ஆம் ஆண்டுச் சட்டம் அதனைச் சேர்த்துள்ளது. குதிரை எந்தெந்த ஊர்க் கொட்டில்களில் இருந்தது என்ற செய்தி அந்நோயைத் தடம்பிடிக்க உதவும்.

பெயரைக் கேட்பது மட்டும் உணர்ச்சிவயப்பட்ட கேள்விபோலத் தோன்றலாம். அதற்கும் அடிப்படை உண்டு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, குதிரைகள் தமக்குப் பழகிய மனிதரின் குரலை அவர் உருவத்தோடு பொருத்தி அறிகின்றன என்று காட்டியது. ஏட்டில் பதிந்த பெயர் ஒன்றும், கொட்டிலில் அழைத்த பெயர் ஒன்றும், கடற்கரையில் வைத்த பெயர் ஒன்றுமாகக் குதிரைக்கு மூன்று பெயர் இருக்கலாம். அது செவிமடுத்து வளர்ந்தது கொட்டில் பெயரைத்தான்.

மறுமுனையில் இருப்பவர்

விற்றவர் எல்லாரும் அன்பற்றவர் அல்லர். கொரியப் போரின்போது, 1952ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்கப் படை அதிகாரி ஒருவர் சியோல் நகரப் பந்தயத் திடலில் சிறிய பெண்குதிரை ஒன்றை 250 டாலருக்கு வாங்கினார். விற்றவர் கொட்டிலில் பணிபுரிந்த கொரிய இளைஞர். கண்ணிவெடியில் கால் இழந்த தமக்கைக்குச் செயற்கைக் கால் வாங்கப் பணம் வேண்டியிருந்தது. அக்குதிரை ‘ரெக்லஸ்’ என்னும் புதுப் பெயருடன் போர்முனையில் வெடிபொருள் சுமந்தது. பின்னர்ப் படையில் சார்ஜென்ட் பதவியும் பெற்றது. குதிரையின் புகழைப் பேசுவோர் விற்றவரின் கண்ணீரையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

தேர்ந்த பந்தயக் குதிரைக்கும் ஓட்டம் சில ஆண்டுகளே. இரண்டு வயதில் ஓடத் தொடங்கும் குதிரை பத்து வயதுக்கு முன்பே பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிடுகிறது. அதன் ஆயுளோ 25 ஆண்டுகளைத் தாண்டக்கூடும். எஞ்சிய காலமெல்லாம் அது கைம்மாறிக்கொண்டே செல்கிறது. முதலில் வளர்த்தவருக்கு இரண்டாவது கைம்மாற்றத்திற்குப் பிறகு செய்தியே வருவதில்லை. ஆகவே, இப்படியொரு கடிதம் கேட்பதற்கு மட்டும் செல்வதன்று. “நலமாக இருக்கிறது” என்னும் செய்தியைக் கொடுப்பதற்கும் செல்கிறது.

விடை வராமலும் போகலாம். பண்ணை மூடப்பட்டிருக்கலாம், உரிமையாளர் மறைந்திருக்கலாம், மறுமொழி எழுத விருப்பம் இல்லாமலும் இருக்கலாம். அந்நிலையிலும் தேடியவருக்கு வயதும் இனவழியும் தெரிந்துவிடுகின்றன. விடை வந்தால், அது எப்போதும் இனிதாக இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

பட்டினப்பாக்கத்து இளைஞருக்கு விடை வருகிறது என்று கொள்வோம். வல முன்காலின் தசைநாண் ஓட்டத்தின்போது கிழிந்ததாகவும், ஓடும் வாழ்வு அத்துடன் முடிந்ததாகவும் அதில் எழுதியிருக்கிறது. ஒருமுறை கிழிந்த தசைநாண் மறுபடி கிழியும் வாய்ப்பு மிகுதி. கால் புதையும் உலர்மணல் அதற்குப் பகை. மருத்துவரும் அதையே சொல்கிறார். சில மாதம் ஓய்வு. பிறகு நீரோரத்து இறுகிய மணலில் நடை. பளுவான ஆட்களை ஏற்றக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மாலை வருமானத்தை நம்பி வாழும் வீட்டில் இது சிறிய செய்தியன்று. “தெரியாமலே இருந்திருக்கலாமே” என்று தாய் சொல்லக்கூடும். தெரியாமல் இருந்திருந்தால் குதிரை ஒருநாள் மணலில் மடங்கி விழுந்திருக்கும். அப்போது அதன் முதுகில் யாருடைய குழந்தையோ இருந்திருக்கும். தந்தையின் பழைய குதிரையைக்கொண்டே அந்தச் சில மாதங்களை ஓட்ட இளைஞர் முடிவு செய்கிறார். அறிந்ததற்குப் பின் அறியாதவர்போல் நடக்க அவரால் இயலவில்லை.

கயிறு

மாட்டுச் சந்தைகளில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. விலை பேசி முடிந்ததும் விற்றவர் தம் கயிற்றை அவிழ்த்துக்கொள்வார். வாங்கியவர் தம் கயிற்றைக் கட்டி ஓட்டிச் செல்வார். மாணிக்கவாசகரோடு தொடர்புடைய திருவிளையாடல் கதையிலும் பாண்டியனிடம் குதிரைகள் கயிறு மாற்றியே ஒப்படைக்கப்படுகின்றன. அன்றிரவு அவை நரிகளாக மாறுகின்றன. கயிறு மாறினால் விற்றவர் பொறுப்பு முடிந்தது என்பது வணிக மரபு. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் வீதியில் குதிரை வாகனம் உலா வரும்போது பெரியோர் இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு.

கயிறு மாறிய அளவில் விற்பவரின் கணக்கு முடிந்துவிடலாம். குதிரையின் கணக்கு முடிவதில்லை. பழைய காயமும் பழைய அச்சமும் பழைய பெயரும் புதிய கயிற்றோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றை அறிந்த ஒருவரிடமிருந்து அறிய வேண்டிய ஒருவருக்குக் கொண்டுசேர்க்க ஒரு கடிதம் போதும்.

விடைக் கடிதத்தின் இறுதியில் ஒரு பெயர் இருக்கிறது. விடியற்காலையில் இளைஞர் கொட்டிலுக்குச் சென்று, சற்றுத் தொலைவில் நின்று, அப்பெயரைச் சொல்லி அழைக்கிறார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அது திரும்பிப் பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். பார்க்காவிட்டால், நாளையும் அதே பெயரைச் சொல்லி அழைக்கலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் குதிரை, மாடு ஆகியவற்றை வளர்க்கும் ஒருவரைச் சந்தித்து, அவற்றின் வயதையும் அடையாளத்தையும் அறியும் முறைகளைக் கேட்டுத் தொகுக்க.

2. உங்கள் வீட்டிற்கு வந்துசேர்ந்த வளர்ப்பு விலங்கு ஒன்றைப் பற்றி, அதனை முன்பு வளர்த்தவருக்குக் கடிதம் எழுதுக. குறைகூறும் சொல் ஒன்றும் அதில் இடம்பெறாதவாறு பார்த்துக்கொள்க.